கனவுகளுக்குப் புகலிடம் – 9: தச்சருக்கு ஒரு வேலை

மெக்சிகோ நகரின் தியானா கேலரிக்கு ஓர் இளைஞரின் கோட்டுச் சித்திரங்களை ஓவியர் ரெமெதியோஸ் வாரோ பரிந்துரைத்தார் என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1959. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாரோவின் முதல் தனிக் கண்காட்சி நடந்ததும் இதே கேலரியில்தான். மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படம் வரைந்து வயிறு கழுவிய அகதி அவர். கதவு திறக்கக் காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தனக்குத் திறந்த கதவை இன்னொருவருக்கும் திறந்துவிட்டார்.

கேலரி சம்மதித்தது. இளைஞரின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. அவருக்கு அப்போது வயது 23. பெயர் பெத்ரோ ஃப்ரீடெபெர்க்.

யார் இவர்?

இருபத்து மூன்று ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1936 ஜனவரி 11 அன்று இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானிய யூதர்கள். ஹிட்லரின் ஜெர்மனியில் யூதர்களுக்கு இடமில்லாமல் போன காலம் அது. முசோலினியின் இத்தாலியில் தப்பிக்கலாம் என்று நம்பியிருந்த யூதர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையும் 1938 செப்டம்பரில் உடைந்தது. வெளிநாட்டு யூதர்கள் ஆறு மாதத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாணை வந்தது. மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். வந்து சேர்ந்த நாடு மெக்சிகோ.

லாசரோ கார்தெனாஸ் அதிபராக இருந்த நாடு அது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுக்காரர்களை ஆயிரக்கணக்கில் வரவேற்றது. ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கிக்குத் தஞ்சம் கொடுத்தது. கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிசத்தின் தலைமைக் குரலான ஆந்த்ரே ப்ரெதோன் 1938இல் நேரில் வந்து பார்த்து வியந்துபோனதும் இந்த நாட்டைத்தான். வாரோவும் ஓவியர் லியோனோரா காரிங்டனும் வந்து சேர்வதற்கு முன்பே, அவர்களுடைய உலகத்தில் பின்னாளில் நுழையப்போகும் குழந்தை அங்கே ஸ்பானிய மொழி பேசத் தொடங்கிவிட்டது.

வளர்ந்து பெரியவரானதும் இபெரோஅமெரிக்கானா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படிக்கப் போனார். மெக்சிகோவில் பொறியாளர்கள் தலைநிமிர்ந்து நடந்த காலம் அது. 44 மாடி லத்தினோஅமெரிக்கானா கோபுரம் 1956இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலை 28, விடிவதற்குள் பெரும் நிலநடுக்கம். நகரின் அடையாளமான சுதந்திர தேவதைச் சிலை தூணிலிருந்து விழுந்து உடைந்தது. கண்ணாடியும் எஃகுமான கோபுரமோ அப்படியே நின்றது. இதைவிடப் பெரிய சாட்சி நவீனக் கட்டடக் கலைக்கு வேண்டுமா? பயன்தான் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும், அலங்காரம் வீண் என்ற பாடம் வகுப்பறைகளில் வேதமாகவே ஓதப்பட்டது.

அந்த வகுப்பறையில் உட்கார்ந்து பெத்ரோ வரைந்தது வேறு. ஆர்ட்டிசோக் என்றொரு காய் உண்டு. தாமரை மொட்டுப் போல அடுக்கடுக்காக இதழ் மூடியிருக்கும். அதைக் கூரையாகக் கவிழ்த்த வீடுகளை அவர் வரைந்தார். கட்டவே முடியாத வீடுகள். பட்டம் வாங்காமலேயே படிப்பிலிருந்து வெளியேறினார்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. முடியாமல் காப்பாற்றியவர் அங்கே கற்பித்த மத்தியாஸ் கோரிட்ஸ்.

கோரிட்ஸும் புலம்பெயர்ந்தவர்தான். 1915இல் தான்சிக்கில் பிறந்து, போர்க்காலத்தில் ஜெர்மனியை விட்டு மொராக்கோ, ஸ்பெயின் என்று அலைந்து, 1949இல் மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு ஆசிரியராக வந்தவர். கட்டடம் மனிதனின் உணர்ச்சியைத் தொட வேண்டும், வெறும் வசதி போதாது என்று அறிக்கை வெளியிட்டு, அதை நிரூபிக்க 1953இல் எல் எகோ அருங்காட்சியகத்தைக் கட்டினார். கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகானோடு சேர்ந்து அவர் நகரின் வடமேற்கே எழுப்பிய சதேலிதே கோபுரங்களை இன்றும் பார்க்கலாம். ஐந்து கோபுரங்கள். மிக உயரமானது 52 மீட்டர். யாரும் அவற்றில் குடியிருக்க முடியாது. எந்த அலுவலகமும் நடத்த முடியாது. பார்ப்பதற்காக மட்டுமே நிற்பவை. ஆர்ட்டிசோக் கூரையில் திறமையைப் பார்க்க இப்படிப்பட்ட ஒருவரால்தான் முடியும். கலைஞனாகவே தொடரும்படி பெத்ரோவை ஊக்கப்படுத்தினார்.

வாரோ கண்ட சித்திரங்களில் அப்படி என்ன இருந்தது? கட்டட வரைபடத்துக்கு வேண்டிய அளவுகோலும் இந்திய மையும்தான் கருவி. கோடுகள் பிசிறில்லாமல், கணக்குத் தப்பாமல் இருக்கும். சதுரங்கக் கட்டத் தரை தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிச் சரியாகக் குறுகும். எல்லாம் முறைப்படி இருப்பதாக நம்பிக் கண் உள்ளே போகும். போனபின் வெளியே வர வழி இருக்காது. படிக்கட்டுகள் எங்கும் போய்ச் சேராது. அஸ்டெக் ஏடுகளின் உருவங்கள், தாந்திரீகக் குறிகள், கத்தோலிக்கச் சின்னங்கள் எல்லாம் ஒரே சுவரில் நெருக்கியடித்து நிற்கும். வகுப்பில் கற்ற ஒழுங்கைக் கொண்டே அந்த ஒழுங்கை மடக்கிப் போட்ட வேலை அது. என் கணிப்பில் அவருடைய மேதைமை முதலில் இந்தச் சித்திரங்களில்தான் இருக்கிறது. உலகம் அவரை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருப்பது வேறு கதை. அதற்கும் வருவோம்.

1961 நவம்பர். கோரிட்ஸின் தலைமையில் ‘லோஸ் ஆர்தோஸ்’ என்ற குழு அந்தோனியோ சோசா கேலரியில் கண்காட்சி வைத்தது. ‘எல்லாம் சலித்துப்போனவர்கள்’ என்பது அந்தப் பெயரின் பொருள். கலைஞனின் அகந்தை சலித்துவிட்டது, புதுமைக்காகப் புதுமை என்ற கூச்சல் சலித்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அதனால் ஓவியர்களோடு குடும்பத் தலைவி, தொழிலாளி எல்லோரையும் பங்கேற்பாளராகச் சேர்த்தார்கள். ஒரு கோழியும் கலந்துகொண்டது; அதன் படைப்பு, முட்டை. பெத்ரோவும் அந்தக் குழுவில் ஒருவர். கைத்தொழில் செய்பவரும் கலைஞரும் ஒரே வரிசையில் நின்ற அந்தக் கண்காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், அடுத்து நடந்தது ஒரு தச்சரின் கதை.

கோரிட்ஸிடம் ஹொசே கொன்சாலஸ் என்ற தச்சர் வேலை செய்தார். கோரிட்ஸ் வெளியூர்ப் பயணம் கிளம்பினார். தான் இல்லாத நாட்களில் தச்சருக்கு வேலை இல்லாமல் போய்விடக்கூடாது என்பது அவர் கவலை. ஏதாவது வேலை கொடுக்கும்படி பெத்ரோவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெத்ரோ யோசித்தார். மரத்தில் ஒரு கை செதுக்கித் தரச் சொன்னார். பிறகு, ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிதாக ஒன்று கேட்டார்.

1962இன் புகழ்பெற்ற ‘கை நாற்காலி’ பிறந்தது இப்படித்தான். விரித்த உள்ளங்கை இருக்கையாயிற்று. நிமிர்ந்த விரல்கள் முதுகைத் தாங்கின. பின்னாளில் பலவற்றுக்குத் தங்கரேக்கும் ஒட்டினார்கள். இதற்குப் பயன் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, உட்காரலாம், சாயலாம். ஆனால் இதன் அழகு பயனிலிருந்து வரவில்லை. வகுப்பறை வேதத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மாணவர் எழுதிய பதில் இது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாற்காலியின் வரலாறு பெத்ரோவின் பெயரில் எழுதப்படுகிறது. யோசனை அவருடையது, மறுப்பில்லை. ஆனால் அந்த விரல்களின் வளைவை மரத்திலிருந்து வெளியே எடுத்த உளி கொன்சாலஸின் கையில் இருந்தது. இந்தத் தொடரைப் படித்தவர்களாவது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஜார்ஜ் கெல்லர் அதைப் பார்த்தார். உடனே பல நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். தச்சர் சும்மா இருக்கக்கூடாதே என்று தொடங்கிய வேலை கடல் கடந்தது. நாற்காலியின் புகழ் ஏற ஏற, சித்திரங்கள் அதன் நிழலில் மறைந்தன. பெத்ரோ ஃப்ரீடெபெர்க் என்றாலே அந்தக் கைதான் என்றாயிற்று.

இருபத்தாறு வயதில் இப்படியொரு வெற்றி. காரிங்டனின் நட்பு இருந்தது. கோரிட்ஸின் ஆதரவு இருந்தது. கேலரிக் கதவைத் திறந்துவிட்ட வாரோ தன் கலையின் உச்சத்தில் இருந்தார்.

மறு ஆண்டு, 1963 அக்டோபர் 8. மெக்சிகோ நகரில் ரெமெதியோஸ் வாரோ மாரடைப்பால் இறந்தார். வயது 54.

அந்த ஆண்டில் அவர் முடித்துவைத்த கடைசி ஓவியத்தில் மனித உருவம் ஒன்றுகூட இல்லை. ஒரு வட்ட மேசை, நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதைச் சுற்றிக் காற்றில் சுழலும் தட்டுகளும் பழங்களும். ‘உயிர்த்தெழும் அசைவற்ற பொருட்கள்’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார். மரணத்துக்குச் சில மாதங்கள் முன்பு அவர் ஏன் அப்படி வரைந்தார்? படத்தைத் தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறோம்.

(தொடரும்)