ஸ்பிரிங் தெரியும், ஆயில் தெரியாது

நூறு சிசி பைக்கின் பின்பக்கம் பள்ளத்தில் தட்டத் தொடங்கினால் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. ஷாக் அப்சார்பரின் கீழே இருக்கும் வளையத்தை ஒரு படி திருப்பி ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். இல்லையென்றால் தடித்த கம்பியும் பளிச்சென்ற நிறமும் உள்ள வேறொரு ஜோடியை வாங்கி மாட்டுவார்கள். இரண்டுமே ஸ்பிரிங்கைப் பற்றிய முடிவுகள். ஆனால் சில ஆண்டுகள் ஓடிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இருப்பதில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் ஒல்லியான குழாயில் சீல் தேய்ந்து, ஆயில் கசிந்து போயிருக்கும். இதை வாடிக்கையாளரின் அறியாமை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடைத்த காலத்திலிருந்தே மலிவு மோட்டார் சைக்கிளில் ஸ்பிரிங் விற்கும் பொருளாகவும், ஆயில் மிச்சம் பிடிக்கும் இடமாகவும் இருந்து வந்திருக்கிறது. சந்தை கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் வாங்குபவர் ஒப்பிக்கிறார்.

இரண்டின் வேலையையும் முதலில் பிரித்துவிடலாம். ஸ்பிரிங் வண்டியையும் ஆளையும் தாங்குகிறது; பள்ளம் தரும் அடியை வாங்கிச் சேமித்து வைக்கிறது. சேமித்ததை அப்படியே திருப்பியும் தருகிறது. அதனால்தான் ஸ்பிரிங் மட்டும் உள்ள வண்டி ஒரு மேட்டைக் கடந்த பிறகும் இரண்டு மூன்று முறை குதிக்கிறது. அந்தக் குதிப்பை அடக்குவது ஆயில். குழாய்க்குள் பிஸ்டன் நகரும்போது ஆயில் சிறு துளைகளின் வழியே நெருக்கியடித்துப் போகிறது. அந்த எதிர்ப்பில் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைகிறது. கதவு படாரென்று அறையாமல் நிதானமாக மூட வைக்கும் டோர் குளோசர் வேலை செய்வதும் இதே முறையில்தான். ஷாக்கில் உடல் உணரும் சுகத்தில் பெரும்பகுதியும், சக்கரம் சாலையை விட்டு எழாமல் இருப்பதும் இந்த அடக்கத்தைப் பொறுத்தவை. வெளியிலிருந்து பார்த்தால் அதில் எதுவும் தெரியாது.

தொடக்க காலத்தில் இரண்டுமே கிடையாது. சட்டகத்தோடு பின்சக்கரம் இறுக்கிப் பூட்டியிருக்கும். ஓட்டுபவருக்கு இருந்த ஒரே ஆறுதல் சீட்டுக்கு அடியில் இருந்த சுருள்கள். அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1913லேயே பின்சக்கரத்துக்கு வில் ஸ்பிரிங் பட்டைகள் வைத்துப் பார்த்தது. ஆனால் அந்த வழியைத் தொழில் உடனே பின்பற்றவில்லை. அசையும் பாகம் கூடினால் எடை கூடும், விலை கூடும், தேயும் இணைப்புகள் கூடும், வளைவில் வண்டி ஆடும் என்ற பயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளுக்குப் பின்புற ஷாக் வந்தது 1958இல், டுவோ கிளைட் மாடலில்தான். அந்தப் பயத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. அடக்கம் இல்லாத ஸ்பிரிங், ஸ்பிரிங்கே இல்லாததைவிட வளைவில் ஆபத்தாக இருக்க முடியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் செய்த சமரசம் இதற்கு நல்ல சான்று. டிரையம்ப் தன் பழைய சட்டகத்தை மாற்றாமல் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே ஸ்பிரிங்குகளை அடைத்து ‘ஸ்பிரங் ஹப்’ என்று விற்றது. பிஎஸ்ஏ, நார்ட்டன் போன்றவை அச்சின் இருபுறமும் மேலும் கீழும் சுருள் வைத்த பிளஞ்சர் முறைக்குப் போயின. இரண்டிலும் பழைய சட்டகத்தைப் பெரிதாகத் தொடாமல் புதுமை காட்ட முடிந்தது. ஆனால் டிரையம்ப் ஹப்பிலும் பிஎஸ்ஏ பிளஞ்சரிலும் ஆயில் அடக்கம் கிடையாது. சக்கரம் நகரும் தூரம் சில அங்குலம்தான். உள்ளே தேய்மானம் கூடக் கூட வளைவில் வண்டி நெளியும். ‘ஸ்பிரிங் வைத்த பைக்’ என்று விளம்பரம் செய்ய அது போதுமானதாக இருந்தது. நன்றாக ஓடுவதற்குப் போதவில்லை. 1954 மாடல்களில் டிரையம்பும் பிஎஸ்ஏயும் தங்கள் பெரிய வண்டிகளை, சட்டகத்தில் கீல்போல அசைந்து பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு மாற்றத் தொடங்கின.

ஆயிலின் வேலையை நிரூபித்தவை பந்தயக் களங்கள். விமானங்களின் இறங்கு சக்கரங்களுக்கு ஆயில் ஷாக் செய்து தேர்ந்த டவுட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி, வெலோசெட் 1939 கேடிடி பந்தய வண்டியில் ஸ்விங் ஆர்மோடு காற்றும் ஆயிலும் சேர்ந்த ஷாக்கைப் பொருத்தியது. பெல்ஃபாஸ்டின் மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் ஸ்விங் ஆர்மையும் ஆயில் ஷாக்கையும் மையமாக வைத்து வடிவமைத்த சட்டகத்தோடு 1950இல் ஐல் ஆஃப் மேன் டிடியில் இறங்கிய நார்ட்டன், சீனியர், ஜூனியர் இரண்டு பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. ‘ஃபெதர்பெட்’ என்ற பெயர் அந்தச் சட்டகத்துக்கு அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே, 1948இல், ராயல் என்ஃபீல்டு தன் புதிய 350 சிசி புல்லட்டின் முன்மாதிரியில் ஸ்விங் ஆர்மையும் ஆயில் ஷாக்கையும் வைத்துக் கரடுமுரடான டிரயல்ஸ் போட்டிகளில் இறக்கியிருந்தது. அசையும் பின்சக்கரம் சேற்றில் பிடிப்பை இழக்கும் என்று பழைய ஆட்கள் தலையாட்டினார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் டிரயல்ஸில் வெற்றி பெற்ற பிரிட்டன் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டும் தங்கப் பதக்கம் பெற்றன. அடக்கிய சக்கரம் தரையை விட்டு எழுவதில்லை, எழாத சக்கரம்தான் இழுக்கும் என்பதே அந்த வெற்றியின் பொருள்.

அந்த வண்டிதான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததும், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதும், திருவொற்றியூர் ஆலை எழுந்ததும் தெரிந்த கதை. 1960களில் மைசூரில் ஜாவாவும், எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தும் சேர்ந்துகொண்டன. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஒரு பாகம் போனால் புதிது கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஷாக்கைப் பிரித்து மீண்டும் உயிர் கொடுப்பது மெக்கானிக் தொழிலின் இயல்பான பகுதியாக இருந்தது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக் கழற்றி, ராடைத் தேய்த்துப் பார்த்து, சீல் மாற்றி, புஷ் அடித்து, அளந்து ஆயில் ஊற்றி, காற்று போகும்வரை மேலும் கீழும் இழுத்து மூடுவார்கள். மூடிய வகை ஷாக் வந்தபோது லேத் பட்டறைகள் அதையும் விட்டுவைக்கவில்லை: மடக்கி அடைத்த விளிம்பைக் கடைந்து எடுத்துவிட்டு, மரை போட்ட புதிய மூடியைச் செய்து பொருத்தினார்கள். குறையும் இருந்தது. கிடைத்த இன்ஜின் ஆயிலையே ஊற்றிய பட்டறைகளில், வண்டி காலையில் கட்டையாகவும், சூடேறிய பிறகு தொளதொளவென்றும் ஓடியது. ஆனாலும் கோளாறு எங்கே இருக்கிறது என்பது அந்தத் தொழிலுக்குத் தெரிந்திருந்தது.

1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100ம், எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்எக்ஸ் 100ம் வந்தபோது கணக்கு மாறியது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வாங்குபவரின் முதல் கேள்வியானது. ஷாக்கும் பெருமளவில், சீராக, மலிவாகத் தயாராக வேண்டிய பாகமானது. ஜப்பானின் ஷோவா தொழில்நுட்பத்தோடு ஹீரோ ஹோண்டாவுக்கு ஷாக் செய்யும் முஞ்சால் ஷோவா அதே 1985இல்தான் தொடங்கப்பட்டது. இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். நூறு கிலோவைச் சற்றே தாண்டிய வண்டியில் கணவன், மனைவி, பிள்ளை, அரிசி மூட்டை என்று வண்டியின் எடையையே மிஞ்சும் சுமை ஏறும். அப்படியிருக்கக் கட்டையான ஸ்பிரிங் வைக்காமல் என்ன செய்வது? சரியான கேள்விதான். அறுபது கிலோ ஆள் தனியாகப் போகும் வண்டியே நூற்றைம்பது கிலோவையும் தாங்க வேண்டும் என்றால், ஸ்பிரிங்கை அதிகச் சுமைக்கு ஏற்பத்தான் வைத்தாக வேண்டும். ஆனால் இந்த வாதம் ஸ்பிரிங்கைத்தான் நியாயப்படுத்துகிறது. ஸ்பிரிங் கட்டையாகும்போது அதை அடக்கவும் கூடுதல் எதிர்ப்பு வேண்டும்: விறைப்பு இரட்டித்தால், அதே அளவு அடக்கத்துக்கு எதிர்ப்பு சுமார் 1.4 மடங்காக வேண்டும். சுமையைக் காரணம் காட்டி ஸ்பிரிங்கைப் பலப்படுத்துகிறவர், அதே காரணத்தால் ஆயில் பக்கத்தையும் பலப்படுத்தக் கடமைப்பட்டவர்.

இன்னொரு எதிர்வாதம், பிரிக்க முடியாத ஷாக்கைக் குறை சொல்வது வெறும் பழைய நினைவுப் பாசம் என்பது. மூடிய ஷாக்கில் தூசி ஏறாது, தவறான ஆயில் ஊற்ற வழியில்லை, தொழிற்சாலையில் அளந்த அளவு அப்படியே இருக்கும். புதிய ஜோடியின் விலை பட்டறைக் கூலியோடு போட்டி போடும் அளவுக்கு இறங்கியதும் அதனால்தான். மறுக்க முடியாத உண்மை. மூடிய ஷாக்கை இந்தியக் கம்பெனிகளின் சதி என்று சொல்லவும் முடியாது. 1950களின் பிரிட்டிஷ் பைக்குகளிலேயே அது வழக்கத்துக்கு வந்துவிட்டது. இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பிரிக்க முடிந்த காலத்தில், ஆயில் என்பது தேயும், மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் தெரியும். மூடிய பிறகு அது பராமரிப்புப் பட்டியலிலிருந்தே மறைந்தது. இன்ஜின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு, செயினுக்கு உண்டு, பிரேக் ஷூவுக்கு உண்டு; ஷாக்குக்கு, ஆயில் வெளியே வழிந்து தூசி ஒட்டும்வரை எந்தக் கணக்கும் இல்லை. அடக்கமோ அதற்கு வெகு காலம் முன்பே, ஓட்டுபவர் கவனிக்காத வேகத்தில், குறைந்து போயிருக்கும்.

இந்த வெற்றிடத்தை விற்பனைப் பிரிவு நிரப்பியது. பஜாஜ் தன் பிளாட்டினாவுக்கு ஸ்பிரிங்குக்குள் ஸ்பிரிங் என்ற ஏற்பாட்டை முன்னிறுத்தியது. லேசான சுமைக்கு மென்மையும் கனமான சுமைக்கு விறைப்பும் தரும் நல்ல யோசனை அது, ஆனால் அதுவும் ஸ்பிரிங்கின் கதைதான். அதே நிறுவனத்தின் பல்சர் நைட்ரஜன் டப்பா வைத்த ஷாக்கோடு வந்தது. அந்த வாயுவின் வேலை ஆயிலை அழுத்தத்தில் வைத்து, தொடர்ந்து குலுங்கும்போது நுரை கட்டாமல் தடுப்பது. பிரான்சின் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போன் 1950களில் உருவாக்கிய தத்துவம். முதன்முறையாக ஆயில் பக்கம் கண்ணுக்குத் தெரியும் உருவம் பெற்றது என்று சொல்லலாம். ஆனால் உருவம் கிடைத்ததும் நடந்தது என்ன? உள்ளே எதுவும் இல்லாத அலங்கார டப்பாவை ஒட்டிய மலிவு ஷாக்குகள் கடைக்கு வந்துவிட்டன. 2004 ஹோண்டா யூனிகார்னும் 2008 யமஹா எஃப்இசட்டும் பரப்பிய மோனோஷாக்கும் ஏறக்குறைய இதே பாதையில் போனது. பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸின் இந்த ஒற்றை ஷாக் யோசனையை யமஹா 1970களில் மோட்டோகிராஸில் எடுத்தாண்டது, பின்சக்கரம் நெடுந்தூரம் மேலேறி இறங்கியும் கட்டுக்குள் இருப்பதற்காக. நடுத்தர விலை பைக்கில் வந்து சேர்ந்ததோ ஒற்றைத் தடித்த சுருள். அதிலும் ஓட்டுபவர் மாற்றக்கூடியது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் இறுக்கம் ஒன்றுதான்.

அந்த இறுக்கத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடுவதில்லை. சுமை ஏறும்போது வண்டி குறைவாக அமிழ்கிறது, அவ்வளவுதான். பின்னால் ஆள் ஏறினால் அது பயன்தான். ஆயில் போன ஷாக்கில் அதைத் திருப்பினாலோ, கட்டையான ஸ்பிரிங்கை மாட்டினாலோ, தட்டுவது நின்றது போலத் தோன்றும், குதிப்பதோ கூடும். ஆகவே குறைந்த செலவில் பின்புறத்தைச் சரிசெய்ய நினைப்பவருக்கு இந்த வரலாறு சொல்லும் வரிசை ஒன்று உண்டு. முதலில் புஷ்களையும் டயர் காற்றையும் பார்க்க வேண்டும். அடுத்து, சீட்டை அழுத்திவிட்டால் வண்டி ஒரே எழலில் நிற்கிறதா, மறுபடி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் ஷாக்கைப் பிரிக்க முடிந்த வகையா என்று கேட்டு, சரியான ஃபோர்க் ஆயிலும் சீலும் போட்டு, இரண்டையும் ஒரே அளவில் கட்ட வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். பிரிக்க முடியாவிட்டால் கம்பெனி ஜோடியைப் புதிதாக மாட்டுவதே அலங்கார ஜோடியைவிட மேல். ஸ்பிரிங்கை மாற்றும் யோசனை இதற்கெல்லாம் பிறகுதான் வரவேண்டும், அதுவும் சுமை உண்மையிலேயே மாறியிருந்தால்.

கடைசியாக, விலை குறைந்த வண்டியில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்பார்கள். பிரேக்குக்கும் இதையே சொன்னார்கள். ஆனால் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழே முன்பின் இணைந்த பிரேக்கும் கட்டாயம் என்று அரசு விதித்தபோது, தொழில் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. வண்டி விற்பதும் நின்றுவிடவில்லை. எந்த பிரேக்கும் தரையைத் தொடும் டயரின் வழியாகத்தான் வண்டியை நிறுத்த முடியும். அந்த டயரைத் தரையில் பிடித்து வைப்பது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில். அதைச் சுகத்தின் கணக்கிலிருந்து எடுத்துப் பாதுகாப்பின் கணக்கில் எழுதினால், அதற்கும் ஒரு தரமும், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கிலோமீட்டர் எண்ணும் கேட்பது நியாயமான கோரிக்கையாகிவிடும்.