அக்கிக்கு ஊசி வந்த கதை

இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால், தேனி, கம்பம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இன்றும் முதலில் போவது மண்பானை வனையும் வேளார் வீட்டுக்குத்தான். காவியைக் குழைத்து அவர் அக்கி எழுதிவிடுவார். நான்கு வாரத்துக்குள் கொப்புளம் தானாகவே காய்ந்துவிடும். பெயர் காவிக்குப் போய்விடும். ஆனால் வயதானவர்கள் சிலருக்கு வலி மட்டும் காய்வதில்லை. மேல்துண்டு உரசினாலே சுரீரென்று இழுக்கும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும்.

இதே ஊர்களில் சின்னம்மை போட்டால் வேப்பிலை கட்டுவார்கள், வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி நேர்ந்துகொள்வார்கள். அம்மைக்கு அம்மன், அக்கிக்கு வேளார். மருத்துவ உலகமும் வெகுகாலம் இரண்டையும் தனித்தனி நோயாகவே பார்த்தது.

முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் இருந்த ஊர் டாக்டர் எட்கர் ஹோப்-சிம்சன். தன்னிடம் வந்த அக்கிக்காரர்களை 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்தார்; மொத்தம் 192 பேர். வயது ஏற ஏற அக்கியும் ஏறியது. சிறுவயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி உடம்பைவிட்டுப் போவதே இல்லை, நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடக்கிறது, எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் அந்த நரம்பு வழியாகவே மேலே வருகிறது என்று 1965இல் எழுதினார். அக்கி ஏன் ஒரு பக்கமாகப் பட்டை கட்டி வருகிறது என்பதும் அதில் விளங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷியின் மூன்று வயது மகனைச் சின்னம்மை வாட்டி எடுத்திருந்தது. அந்தத் தவிப்பில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர், கிருமியின் வீரியத்தைக் குறைத்து 1974இல் சின்னம்மைத் தடுப்பூசியை உலகுக்குச் சொன்னார்.

பெரியவர்கள் உடம்பில்தான் கிருமி ஏற்கெனவே குடியிருக்கிறதே, ஊசி எதற்கு? தூங்கிப்போன காவல்காரனைத் தட்டி எழுப்பத்தான். குழந்தைகளுக்கான மருந்தைக் குறைந்தது 14 மடங்கு வீரியமாக்கி, 60 வயது தாண்டிய 38,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். 2005இல் வந்த முடிவு: அக்கி பாதியாகக் குறைந்தது. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பலன் மங்கியது.

அடுத்து வந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேலுறைப் புரதம் ஒன்றும், எதிர்ப்பைத் தூண்டிவிட, சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்தது அது. 50 வயது தாண்டியோரிடம் நடந்த சோதனையில் 97 சதவீதம் பலன் தந்தது. அமெரிக்காவில் 2017இலும் இந்தியாவில் 2023இலும் விற்பனைக்கு வந்தது.

50 வயதைத் தாண்டியவர்கள் இதை இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போட்டுக்கொள்ளலாம். அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை, விலையும் கையைக் கடிக்கும். கிளம்பிவிட்ட அக்கியை இந்த ஊசி ஆற்றாது. அதற்கு மாத்திரை உண்டு. கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். காவி எழுதப் போகிறவர்களும் அந்த மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.