கடலோரப் பட்டங்கள்

நம் கடற்கரையில் பதவியையும் மரியாதையையும் குறிக்க எத்தனை பெயர்கள் வழங்கின என்று ஒரு நாள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். சேர்ப்பன், துறைவன், மீகாமன், மாநாய்கன், பட்டங்கட்டி, சம்மாட்டி, மண்டாடி, தண்டல், சுக்கானி, நாட்டார், கடல்கட்டி என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. இவற்றில் பலவற்றை இன்றைய பிள்ளைகள் கேட்டே இருக்க மாட்டார்கள்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் எங்கள் காலை நடைக் கூட்டம்தான். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். அதில் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறார்கள். பிடிக்கும் மீனைப் பொறுத்து ஆளுக்கொரு பட்டம் கொடுக்கலாம் என்று அவர்களுக்கு ஆசை. ஒருவர் "கேப்டன், அட்மிரல்னு வைப்போம்" என்றார். இன்னொருவர் "நெத்திலி, சாளை, சீலா, சுறான்னு வரிசையா ஏத்திக்கிட்டே போகலாம்" என்றார். கடைசியில் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க சரித்திரம் படிக்கிற ஆளு, நல்ல பேரா சொல்லுங்க" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். விளையாட்டாகத்தான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இந்தப் பெயர்கள் அவ்வளவு விளையாட்டானவை அல்ல என்பது தெரிந்தது.

முதலில் 'பட்டம்' என்ற சொல்லையே பார்ப்போம். அது நெற்றியில் கட்டும் பொன் தகடு. அரசன் ஒருவருக்குச் சிறப்புச் செய்தால் அதை நெற்றியில் கட்டுவான். அதனால்தான் இன்றும் 'பட்டம் கட்டினார்கள்' என்கிறோம். பழங்காலத்தில் படைத்தலைவனுக்கு ஏனாதி, வணிகனுக்கு எட்டி, வேளாளனுக்குக் காவிதி என்று பட்டங்கள் உண்டு. ஏனாதிக்கு மோதிரமும், எட்டிக்குப் பொன்னால் செய்த பூவும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நெய்தல் நிலத்துக்கும் தலைவர்கள் இருந்தார்கள். சங்கப் பாடல்களில் சேர்ப்பன், துறைவன், கொண்கன், புலம்பன் என்று வருகிறவர்கள் அவர்களே. கரைக்கும் துறைக்கும் உரியவன் என்பதே அந்தப் பெயர்களின் கருத்து. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தைக்கு மாநாய்கன் என்று பெயர். பெரிய கடல் வணிகன், கலங்களுக்கு உடையவன் என்று பொருள்.

பட்டம் கட்டப்பட்டவர்தான் பட்டங்கட்டி. முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் தலைவருக்கு இந்தப் பெயர். 1530-களில் கடலில் தங்களுக்கு இருந்த நெருக்கடி தாங்காமல் ஒரு குழு கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டது. போனவர்கள் பட்டங்கட்டிகள். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதங்களிலும் பட்டங்கட்டிகள் அடிக்கடி வருகிறார்கள். ஊர் வழக்கைத் தீர்ப்பதும், முத்து வரியைத் திரட்டுவதும், ஊருக்காக வெளியாரிடம் பேசுவதும் அவர்கள் வேலை. ஏதாவது தப்பு நடந்தாலும் முதலில் பிடிபடுகிறவரும் அவர்தான்.

இந்தச் சொல்லுக்குக் கடலுக்கு அக்கரையிலும் உறவு இருக்கிறது. கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இலங்கையின் சமிந்த வாஸை நினைவிருக்கும். வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ் என்ற அவருடைய முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு பந்தை வீசிவிடுவார் என்று நாங்கள் சிரிப்போம். அதில் வரும் 'பட்டபெந்தி' என்பதும் பட்டம் கட்டப்பட்டவர்தான். சிங்களக் கடலோரத்தில் அது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

இவை கரையில் கிடைத்த மரியாதைகள். கடலுக்குள் போனால் வேறு வரிசை. தூத்துக்குடியில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குப் பாய்மரத் தோணிகள் நன்றாக நினைவிருக்கும். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வரும் அந்தத் தோணிக்குத் தலைவர் தண்டல். வரி வசூலிக்கும் தண்டலுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. காற்று எப்போது திரும்பும், எந்த இடத்தில் பாயை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். சரக்குக்குச் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய முதலாளியானாலும், தோணி கரையை விட்டு நகர்ந்த பிறகு தண்டல் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

பாக் நீரிணைப் பக்கம் படகில் தலைமை தாங்கிப் போகிறவரை மண்டாடி என்றார்கள். பெரிய கரைவலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. சோழமண்டலக் கரையில் ஊர்த்தலைமை நாட்டார் கையில். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பல ஊர்களில் நிவாரணத்தைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தது இந்த ஊர்ப் பஞ்சாயத்துகள்தான்.

கப்பல் சொற்களில் பல வெளியிலிருந்து வந்தவை. சுக்கான் அரபிச் சொல். அதைப் பிடிக்கிறவர் சுக்கானி. மாலுமி என்ற சொல், அரபியில் ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. வழி தெரிந்து கப்பலைச் செலுத்துகிறவரை அரபிகள் ஆசிரியர் என்றே அழைத்தார்கள். சாரங்கு என்பது பாரசீகத்தில் படைத்தலைவனின் பெயர். நண்பர் ஆசைப்பட்ட அட்மிரல்கூட 'அமீர்' என்ற அரபிச் சொல் ஐரோப்பா போய்ச் சட்டை மாற்றிக்கொண்டதுதான். நல்ல மீகாமன் தமிழில் இருக்க, அட்மிரல் எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் கடல்கட்டி. முத்துக்குளிப்பின்போது சுறாக்கள் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்கிறவர் இவர். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தானாம். இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். வெள்ளைக்காரர் ஆட்சிக்கும் இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆகவே அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளியாளின் பயத்தைக் கட்டியது. அது சின்ன வேலை அல்ல.

அதே முத்துக்குளிப்பில் குளியாள் காலில் மாட்டி இறங்கும் கல்லே கணக்காக இருந்தது. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவரின் சாதித் தலைவருக்கும் இத்தனை கல் என்று வரியில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். பட்டத்தின் மதிப்பைக் கல்லால் எண்ணிய காலம் அது. ஆனால் அந்தக் கல்லோடு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளியவருக்கு ஒரு பட்டமும் இல்லை. அவர் வெறும் குளியாள். இதை எழுதும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. மீன் பிடிக்கிறவர்களின் தொழிற்பெயரையும் சாதிப் பெயரையும் ஏச்சாகச் சொன்னவர்களை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதே மீனைத்தான் பேரம் பேசி வாங்கிப்போய்க் குழம்பு வைத்தார்கள்.

1950-களில் விசைப்படகுகள் வரத் தொடங்கின. முத்துக்குளிப்பும் 1961-ஓடு ஓய்ந்தது. விசைப்படகை ஓட்டுகிறவர் 'டிரைவர்' ஆனார். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் குறி வைத்து, கடலுக்குள் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த வித்தையை இப்போது ஜி.பி.எஸ். கருவி செய்கிறது. அது நல்லதுதான். எத்தனையோ பேர் உயிரோடு கரை திரும்ப அது உதவுகிறது. ஆனால் கொண்டலும் கச்சானும் சோழகமும் எந்த மாதம் எப்படி வீசும் என்று மனசில் வைத்திருந்த மனிதருக்குத் தண்டல் என்று ஒரு பெயர் இருந்தது. லாரி ஓட்டுகிறவருக்கும் அவருக்கும் ஒரே பெயர் ஆனபோது, அந்த அறிவுக்கு இருந்த மரியாதையும் சேர்ந்து கரைந்துபோனது.

நண்பர்களுக்கு நான் கொடுத்த வரிசை இதுதான். முதல் நாள் வருகிறவர் 'கரையாள்'. ஒரு மீனாவது பிடித்தவர் 'தூண்டிற்காரர்'. தூண்டில் கட்டவும் இரை கோக்கவும் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பவர் 'மாலுமி', ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் ஆசிரியர் இருக்கிறார். காற்றும் நீரோட்டமும் பார்த்து இன்று போகலாம், போக வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் 'தண்டல்'. எல்லாரையும் வழுக்காமல் கூட்டிப் போய் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருபவர் 'மீகாமன்'. ஒன்றுமே பிடிக்காமல் மற்றவர்களைக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவருக்கு 'கடல்கட்டி'. அவர் வாயைத் திறந்தால் மீன் எதுவும் கிட்டே வருவதில்லை.

பட்டங்கட்டி, நாட்டார் போன்றவற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெயர்களைத் தாங்கும் குடும்பங்கள் இன்றும் நம்மோடு வாழ்கின்றன. அவர்களுடைய பாட்டன் சுமந்த பாரத்தை நாம் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்வது முறையல்ல.

"பெரிய மீன் பிடிச்சா என்ன பட்டம், அதைச் சொல்லலியே?" என்று ஒருவர் கேட்டார். பழைய வரிசையைப் பாருங்கள் என்றேன். தண்டல், மாலுமி, சுக்கானி, மண்டாடி, கடல்கட்டி. எத்தனை மீன் பிடித்தார் என்பதற்காக இவர்களில் யாருக்கும் பெயர் வரவில்லை. கூட வந்தவர்களை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதற்காக வந்தது. கடல் இன்றைக்குக் கொடுக்கும், நாளைக்குக் கொடுக்காது. ஆகவே மீனை நம்பி யாரும் பட்டம் கட்டவில்லை.