சக்கர நாற்காலியில் ஒரு திருப்பணி

துன்பம் வந்துற்றபோது மனித உள்ளத்தில் முதலில் எழும் வினா, 'எனக்கு ஏன் இது நேர்ந்தது?' என்பதே. அவ்வினாவிற்கு விடை காண முயன்றோர் பலர். அதனை ஒதுக்கிவிட்டு, 'இந்நிலையில் நான் ஆற்ற வேண்டிய பணி யாது?' என இறைவனை நோக்கிக் கேட்டோர் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

கேரளத்தில் கொச்சியை அடுத்த செறாயி என்னும் ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்த அவர், மருத்துவம் பயில வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்கல்லூரியின் தோற்றமே ஒரு துயரத்தில் வேர்கொண்டதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிள்ளைப்பேற்று வேதனையால் துடித்தனர். ஆண் மருத்துவர் அவர்களைத் தொட வீட்டார் இசையவில்லை. மூவரும் மாண்டனர். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம்பெண், அந்நிகழ்ச்சியை இறைவனின் அழைப்பாகக் கொண்டு மருத்துவம் கற்றார். 1900-இல் வேலூரில் பணி தொடங்கிய அவர், 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். அந்த மரபில் வளர்ந்தவர் மேரி வர்கீஸ்.

மருத்துவப் பட்டம் பெற்றுப் பெண்கள் மருத்துவத்தில் அவர் ஈடுபட்டிருந்த காலம் அது. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், இளம் மருத்துவர்கள் சிலருடன் உல்லாசப் பயணம் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. அவர்தம் முகம் காயமுற்றது, தண்டுவடமும் சிதைந்தது. இடுப்பிற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்பொழுது அவருக்கு வயது 28. நேற்றுவரை நோயாளியின் படுக்கையருகே நின்றவர், இன்று அதே மருத்துவமனையில் பிறர் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நோயாளியானார்.

அவர்தம் நம்பிக்கை ஒரே நாளில் மலர்ந்துவிடவில்லை. மனம் கசந்த நாள்களும், வேண்டுதலுக்கு விடை கிட்டாத இரவுகளும் இருந்தன. கால்கள் மீளவில்லை. ஆனால், இழந்ததை எண்ணிக் கிடந்த உள்ளத்தை எஞ்சியதை நோக்கித் திருப்ப ஒருவர் துணைநின்றார். அவர் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வலுவான தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் சிகிச்சையில் அவர் முன்னோடி. கைக்குச் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தார்.

ஈண்டுக் கருதத்தக்க ஒப்புமை ஒன்றுண்டு. தொழுநோயாளியின் விரல்கள் பெரும்பாலும் தாமே அழுகி விழுவதில்லை. வலியை அறியும் உணர்வு அற்றுப்போவதால், சூடும் காயமும் தெரியாமல் புண்பட்டே அவை தேய்கின்றன என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார். தண்டுவடம் சிதைந்தவரின் நிலையும் அதுவே. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பின், அவர் அறியாமலே உடலில் புண் தோன்றிவிடும். ஆகவே, உணர்வற்ற கையுடன் வந்தவரும், உணர்வற்ற கால்களுடன் அவருக்குச் சிகிச்சை அளித்தவரும் ஒரே பாடத்தை நாள்தோறும் பயின்றவர்கள். நோயாளிக்கு அவர் கூறிய அறிவுரை ஏட்டிலிருந்து எடுத்ததன்று. தம் உடலில் கற்றது.

இதனோடு அவர் அமைந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் அறிஞரின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. மரத்திலிருந்து விழுந்தோரும் விபத்தில் முடங்கியோரும் வீட்டு மூலையில் கிடந்து மாள்வதே விதி என்றிருந்த காலத்தில், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், உடலைப் பேணவும், தொழில் செய்து பிழைக்கவும் அவர்களைப் பழக்கிய நிலையம் அது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படிப்போர் துன்பமே தூயது என எண்ணிவிடலாகாது. முறிந்த தண்டுவடத்தில் புனிதம் ஏதுமில்லை. அவரைத் தூக்கிய கைகளும், கற்பித்த ஆசான்களும், இடம்கொடுத்த மருத்துவமனையும் இல்லையேல், அவர்தம் நம்பிக்கை நான்கு சுவர்களுக்குள்ளேயே அடங்கியிருக்கக்கூடும். இறைநம்பிக்கை அவருக்கு வலியை நீக்கித் தரவில்லை. அந்த வலிக்கு ஒரு திசையைத் தந்தது. தம் துயரை வாயிலாக்கிப் பிறர் துயருள் நுழைந்ததே அவர் ஆற்றிய திருப்பணி.

எழுந்து நிற்க இயலாத மருத்துவர் ஒருவர் நோயாளியின் படுக்கையருகே தம் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வரும்போது, 'இனி வாழ்வு இல்லை' என்று அந்நோயாளி எவ்வாறு கூறுவார்?