துரும்பும் பங்கும்: மணமுறிவும் சீவனாம்சமும் பற்றியதோர் ஆய்வு

மணமுறிவு நேருமிடத்துக் கணவன் மனைவிக்கு அளிக்கும் பொருளைச் சீவனாம்சம் என்பது நீதிமன்ற வழக்கு. சீவனம் என்பது பிழைப்பு; அம்சம் என்பது பங்கு. பிழைத்தற்குரிய பங்கு என்பதே இத்தொடரின் பொருளாம். ஆங்கில நாட்டார் வழங்கும் ‘அலிமோனி’ என்னும் சொல்லோ உணவூட்டல் என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்தினின்றும் பிறந்தது. முன்னதிற் பங்கு தோன்றுகின்றது. பின்னதிற் சோறு மட்டுமே தோன்றுகின்றது. மனைவி பெறுவது அவட்குரிய பங்கா, அன்றி அவள் பட்டினி கிடவாமைப் பொருட்டு இடப்படும் படியா என்னும் வினாவை முன்னிறுத்தி இப்பொருளின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

கைவிடப்பட்ட மனைவியின் நிலையைக் காட்டும் பழஞ்சான்று புறநானூற்றில் உளது. வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்த காலத்துக் கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவள் பொருட்டுப் பாடியவை 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுக்கள். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் பேகன். அவ்வருட்செயலையே பரணர் எடுத்துமொழிந்து, தாம் பசித்து வந்தாரல்லர் என்றும், அவன் தேரேறிச் சென்று அவள் துயர் களைதலே தாம் வேண்டும் பரிசில் என்றும் கூறுகின்றார். புலவர்தம் சான்றாண்மையைப் பலரும் பாராட்டியுள்ளனர். ஆயின், அவ்வைந்து பாட்டினுள் ஒன்றேனும் அவட்கு ஊணும் உடையும் நிலமும் வழங்குக எனக் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. கேட்கப்படுவது கணவன் மீண்டு வருதல் ஒன்றே. அஃதும் அவன் அருளைச் சார்ந்தது. இதனைக் கொண்டு அக்காலப் பெண்டிர்க்குப் பொருளுரிமையே இல்லை என முடிவு கட்டுதல் பொருந்தாது. பாட்டு வழக்கு வேறு. ஊர் வழக்கு வேறு.

வடமொழி நூல்களுள் அளவு குறிக்கும் விதிகள் உள. கௌடலீயம், மற்றொருத்தியை மணக்கும் கணவன் முதல் மனைவிக்கு ஈடு கொடுக்கவேண்டும் என விதிக்கின்றது. யாஞ்ஞவல்கிய மிருதி, குற்றமற்ற மனைவியைக் கைவிடுவோன் தன் பொருளில் மூன்றில் ஒரு பங்கு தரவேண்டும் என்றும், பொருளற்றவனாயின் அவளை உண்பித்துக் காத்தல் வேண்டும் என்றும் கூறும். பங்கு முதலாவது, படி அஃது இயலாதவிடத்து மட்டுமே என்னும் இம்முறைவைப்பு நோக்கத்தக்கது.

தமிழகத்து ஊர் வழக்கில் இதனினும் மிக்க பங்கு காணப்படுகின்றது. 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டு நூல், மதுரையின் மேற்கிலிருந்த கள்ளர் மரபினரிடை நிலவிய வழக்கமொன்றைக் குறிக்கின்றது. மனைவியை விலக்க விரும்பும் கணவன் தன் உடைமையிற் பாதியை அவட்குக் கொடுத்தல் வேண்டும். கணவனை நீங்க விரும்பும் மனைவி 42 கலிப்பணம் இழத்தல் வேண்டும். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளோ, உறவினர் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுப்பதே மணத்தைத் தீர்க்கும் அடையாளம் எனவும், துரும்பு கொடுத்தல், துரும்பு வாங்குதல் என்பன மணவிலக்கைக் குறிக்கும் தமிழ் வழக்குகள் எனவும் பதிவு செய்கின்றன. துரும்பு என்றவுடன் அற்பப் பொருள் எனக் கொள்வது நம் இயல்பு. ஆனால் துரும்பு கொடுத்தவன் பாதி உடைமையையும் உடன் கொடுக்க நேர்ந்தது என்றால், அத்துரும்பின் விலை சிறிதன்று. இவ்வழக்கம் எங்கும் பரவியிருந்தது எனக் கூறுதற்கில்லை. எனினும் மனைவியின் உரிமையைப் பாதி எனத் துணிந்த தமிழ்க்குடியினர் இருந்தனர் என்பது உறுதி.

ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றங்கள் இதனைப் போற்றினவா? நெல்சன் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். வடமொழித் தரும நூல்களைத் தமிழக மக்கள் அனைவர்க்கும் உரிய சட்டமெனக் கொள்ளுதல் தவறு என 1877இல் தனி நூலெழுதி வாதிட்டார். அவர் கூற்று முற்றும் ஏற்கப்படவில்லை. இந்துத் திருமணம் பிரிக்கவொண்ணாத சடங்கு என்பதே பொதுவிதியாயிற்று. ஊர் வழக்கை எடுத்துரைப்போர் அதனைச் சான்றுகொண்டு மெய்ப்பிக்கவேண்டியவராயினர். கைவிடப்பட்டவட்கு எஞ்சியது திங்கட்படி. கிறித்தவர்க்கென 1869இல் எழுந்த மணவிலக்குச் சட்டமோ, வழக்கு நடக்குங்கால் மனைவி பெறும் தொகை கணவனது நிகர வருவாயின் ஐந்தில் ஒன்றை மிகலாகாது என வரம்பு கட்டியது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றுவித்த ஸ்டீபன், மனைவிக்குரிய வாழ்வூதிய விதியை மக்கள் வறிதே அலைந்து திரிதலைத் தடுக்கும் வழியாகவே கருதினார். அங்ஙனம் கருதியமையின் தொகையும் அதற்கேற்பவே அமைந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் திங்களுக்கு 50 ரூபாய் என்னும் எல்லை வைத்தது. அது 1923இல் 100 ஆகவும், 1955இல் 500 ஆகவும் உயர்ந்தது. கணவன் ஆயிரம் வேலி நிலமுடையவனாயினும் இவ்வெல்லை மாறாது. 1973ஆம் ஆண்டுச் சட்டமும் 500 ரூபாயையே வைத்துக்கொண்டது. அவ்வரம்பும், மேற்கூறிய ஐந்தில் ஒன்று என்னும் வரம்பும் 2001இலேதான் நீக்கப்பட்டன.

இடையே 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்கட்கு மணவிலக்கும் அளித்துச் சட்டம் இயற்றிற்று. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதனை விரித்தது. அதன் 24ஆம் பிரிவு வழக்கு நடக்குங்காலத்துக்கும், 25ஆம் பிரிவு தீர்ப்புக்குப் பிற்பட்ட காலத்துக்கும் பொருளுதவி வகுக்கின்றன. கணவன், மனைவி இருவருள் வறியவர் எவரும் கேட்கலாம் என்பது அதன் புதுமை.

அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு ஊர் வழக்கின்படி நிகழும் மணமுறிவையும் காத்துநிற்கின்றது. ஆயின் 25ஆம் பிரிவின் உதவி, நீதிமன்றம் வழங்கும் தீர்ப்பினைப் பற்றியே பிறக்கும். உறவினர் முன்னிலையில் தீர்த்துக்கொண்டவளிடம் தீர்ப்பு ஏது? 1898ஆம் ஆண்டுச் சட்டமும் மனைவி என்னும் நிலையிலுள்ளவளையே நோக்கிற்று. மணம் தீர்ந்தபின் அவட்கு அவ்வாயிலும் அடைபட்டது. துரும்பு கொடுக்கும் உரிமையைச் சட்டம் ஏற்றது. துரும்போடு சென்ற பாதியை ஏற்கவில்லை. விலக்கப்பட்டு மறுமணம் செய்யாதவளும் மனைவி என்னும் சொல்லுள் அடங்குவாள் என 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு விளக்கிய பின்னரே அவட்கு வழி திறந்தது. அவ்விதி 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக வழங்குகின்றது. அதன்வழி அவள் பெறுவது இன்றும் திங்கட்படியே.