பழைய உழவு யந்திரங்களும் அவற்றைச் சேர்ப்போரும்

தபால் முத்திரை சேர்ப்பவரை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்பவரையும் அறிவோம். அவர்களைப் பார்த்து ஊரார் சிரிப்பதில்லை. ஏனெனில் அவர்களுடைய செல்வம் முழுவதும் ஒரு மேசை லாச்சிக்குள் அடங்கிவிடும். ஆனால் தோட்டம் உழும் பழைய சிறு யந்திரம் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, துருவைச் சுரண்டி, எண்ணெயிட்டு, அது ஓடத் தொடங்கியதும் இன்னொன்றைத் தேடிப் புறப்படுகிறவரைப் பற்றி என்ன சொல்வது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகையோர் பலர் உளர். சங்கம் அமைக்கின்றனர்; கண்காட்சி நடத்துகின்றனர்; கொட்டில் நிறைய யந்திரம் வைத்திருந்தும் போதாது என்கின்றனர். இதைப் பித்து என்று தள்ளிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். காரணத்தைக் கூறுமுன் அந்த யந்திரத்தின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம்.

அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்திலே, கில்காண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிபர்ட் ஹவார்ட் என்ற வாலிபர் 1912ஆம் ஆண்டில் தம் தந்தையின் பண்ணையில் ஒரு பரிசோதனை செய்தார். கலப்பையை இழுத்துச் செல்வதற்குப் பதிலாக, சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தினால் என்ன என்பதே அவர் யோசனை. நீராவி எஞ்சினின் சக்தியைக் கொண்டு அதைச் செய்து பார்த்தார். 1922இல் கம்பனி தொடங்கினார். 1938இல் இங்கிலாந்து சென்று எசெக்ஸ் பகுதியில் தொழிற்சாலை நிறுவினார். அவருடைய கருவிக்கு ‘ரொட்டவேட்டர்’ என்று பெயர். ஆங்கில எழுத்துக்களில் அதனை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடியதை அறிந்த நமக்கு இது பெரிய அதிசயமன்று. எனினும் ஓர் இரும்புக் கருவிக்கு மாலைமாற்றாகப் பெயர் வாய்த்தது ரசிக்கத்தக்கதே.

அமெரிக்காவில் மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த பென்ஜமின் பிராங்கிளின் கிரேவ்லி என்பவர் புகைப்படக்காரர். வீட்டுத் தோட்டத்தைக் கைக்கலப்பையால் உழுது அலுத்துப்போன அவர், ‘இந்தியன்’ என்னும் அமெரிக்க மோட்டார் சைக்கிளின் பாகங்களைக் கலப்பையிற் பொருத்தி, ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் யந்திரம் ஒன்றைச் செய்தார். 1916இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். பின்னால் நடந்து செல்லும் யந்திரங்கள் இவ்வாறு பிறந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஏறி அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டர்கள் வந்தன. 1946இல் ‘வீல் ஹோர்ஸ்’ தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் ‘கப் கடெட்’டும், 1963இல் ஜோன் டீரின் ‘110’உம் வந்தன. இன்று சேகரிப்போர் தேடி அலைவது இவற்றையே.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கு அப்பெயர்களை அறிந்தவர் மிகச் சிலர். ஆனால் கந்தப்பளையிலோ ராகலையிலோ கோவாவும் லீக்ஸும் பயிரிடும் ஒருவரிடம் இரண்டு சக்கர உழவு யந்திரத்தைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேளுங்கள். அது ஜப்பானியக் குபோட்டாவாயினும் சரி, சீனத்து யந்திரமாயினும் சரி, ‘லேண்ட்மாஸ்டர்’ என்றே விடை வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இலங்கையர் இருக்கிறார் என்பதை நம்மிற் பலர் அறியார்.

ரே விஜேவர்தன (1924–2010) கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். விமானம் ஓட்டுவார், விமானம் கட்டவும் செய்வார். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்க்கப்பல் செலுத்தினார். பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். சிறு நிலமுடைய விவசாயிக்கு ஏற்றதாக அவர் 1950களின் நடுவில் வடிவமைத்த இரு சக்கர யந்திரமே லேண்ட்மாஸ்டர். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமிலே தயாராகிப் பல தேசங்களுக்கும் சென்றது. உலகின் முதலாவது இரு சக்கர உழவு யந்திரம் இதுவே என்று சிலர் எழுதுகின்றனர். மேலே கூறிய ஹவார்டையும் கிரேவ்லியையும் நினைத்தால் அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. வெப்ப நாடுகளின் வயலையும் வறிய விவசாயியையும் மனத்திற் கொண்டு செய்யப்பட்டது என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமை போதாதா?

ஒரே ஒரு லேண்ட்மாஸ்டரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இந்தக் கதை விளங்காது. ஒன்றுக்கு மேல் சேர்ப்பவனின் இன்பம் இங்கேதான் இருக்கிறது. முதலாவது யந்திரத்தை அவன் ஆசைக்கு வாங்குகிறான். இரண்டாவதை, முதலாவதுக்கு உதிரிப்பாகம் கிடைக்காமையால், கழற்றி எடுப்பதற்கென்றே வாங்குகிறான். கழற்ற மனம் வராமல் அதையும் ஓடச்செய்து விடுகிறான். பிறகு இரண்டுக்கும் பாகம் தேவைப்படுவதால் மூன்றாவதும் வருகிறது! வீட்டாரின் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் மூன்றும் வரிசையாக நிற்கும்போது அவன் காண்பதைப் பிறர் காணார். ஒன்றில் கயிற்றைச் சுற்றி இழுத்து எஞ்சினை எழுப்ப வேண்டும். அடுத்ததில் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். ஒன்றில் வார்ப்பட்டை சக்தியைக் கொண்டு செல்கிறது, மற்றதில் பற்சக்கரம். பெட்ரோல் எஞ்சினின் படபடப்பு வேறு, டீசலின் தட்டல் வேறு. எந்தக் குறையைக் கண்டு எவன் எதை மாற்றினான் என்பதை இரண்டை அருகருகே வைத்த பின்னரே கண் கண்டுகொள்ளும். தேய்ந்த கைப்பிடியைத் தொட்டால், இடது கைப்பழக்கமுள்ள ஒருவர் இதனை ஓட்டினாரோ என்று கூட யோசிக்கத் தோன்றும்.

சேகரிப்பில் இன்னொரு பயனும் உண்டு: யந்திரம் செய்த நன்மையோடு தீமையும் அங்கே நிற்கிறது. விஜேவர்தனவே பிற்காலத்தில் தம் கண்டுபிடிப்பைக் கடுமையாக விமர்சித்தார். தாம் யந்திரமாக்கியது விவசாயத்தை அன்று, எருமையை மட்டுமே என்பது அவர் தமக்கே அளித்த தீர்ப்பு. எருமை சாணம் தரும், பால் தரும், கன்று போடும். யந்திரம் எண்ணெய் கேட்கும். உழவு விரைவாயிற்றேயன்றி அதனால் விளைச்சல் பெருகிற்றா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1970களில் நைஜீரியாவின் இபாடான் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, மண்ணைக் கிளறாமலே பயிர் செய்யும் முறைகளில் ஈடுபட்டார். நாடு திரும்பியபின், சரிவு நிலங்களில் சமமட்ட வரிசையாகக் கிளிரிசிடியா மரங்களை வேலிபோல் நட்டு மண்ணைக் காக்கும் முறையைப் பரப்பினார். தாம் பெற்ற பிள்ளையையே கண்டிக்கும் தந்தை அரிது. கண்டுபிடிப்பாளருள் அத்தகையவர் அதனினும் அரிது.

மலைநாட்டவராகிய நமக்கு இது புத்தகச் செய்தியன்று. மழைகாலத்தில் மரக்கறித் தோட்டங்களின் மண் கரைந்து ஓடைகள் சேறாய் ஓடுவதைக் காண்கிறோம். 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் கருவிகளையும் கொண்டுவந்தார். யானையையும் பண்ணை வேலைக்குப் பூட்டினார். ஆனால் தேயிலை மலையை உழுதவர் எவருமில்லை. அங்கே டிராக்டரின் வேலை கொழுந்து மூட்டையை ஸ்டோருக்குக் கொண்டு செல்வதோடு சரி. செடிகளுக்கிடையே முள்ளுக் குத்தியவர்களும், மண் கரையாதபடி கான் வெட்டியவர்களும், கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களும் நம் பாட்டன் பாட்டிமாரே. அவர்களுடைய கருவிகளை யார் சேர்த்தார்கள்?

ஆயுத பூஜையன்று ஸ்டோரிலுள்ள ரோலருக்கும் லொறிக்கும் கத்திக்கும் மண்வெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அடுத்த வருடம் அதே கருவி பழுதானால், பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. பூஜிக்கத் தெரிந்த நாம் பேணத் தெரியாதவர்களாக இருப்பது எனக்கு விளங்காத காரியம்.

பேணியவர்கள் இல்லாமலில்லை. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டிருந்த தேயிலை ஸ்டோர், 2001இல் இலங்கைத் தேயிலை அரும்பொருட்சாலையாக மாறியது. பழைய எஞ்சின்களும் ரோலர்களும் அங்கே ஒன்றல்ல, பலவாக நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையில் மேசைமீது கைகளால் கொழுந்தைத் தேய்த்து உருட்டச் செய்தார். அந்தக் கைகளிலிருந்து இந்த ரோலர்கள் வரை வந்த வழியை அங்கே காணலாம். தொழிலாளரின் பக்கத்தைக் காண விரும்புவோர் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பழைய லயக் காம்பராக்களையே அரும்பொருட்சாலையாக்கி, தொழிலாளர் கையாண்ட கருவிகளையும் வீட்டுப் பாத்திரங்களையும் வைத்திருக்கின்றனர்.

நுவரெலியாவிலிருந்து கண்டி செல்லும் பாதை கம்பளை வழியாகவே போகிறது. சங்கத்தின் வாலிபர்கள் விடியற்காலையில் ஒரு பஸ் வண்டியில் புறப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். பெரியோர் சிலரையும் அழைத்துச் செல்வது நல்லது. எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.