ஓசூர் மேட்டுநிலத்தில் கொதிகலன் எரிவாயுக் கணக்கு: சட்டமும் நிலமும்

முன்னுரை

கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டங்கள் கருநாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலப் பகுதிகளாகும். 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பின்னர், மானாவாரி வேளாண்மை சார்ந்த இப்பகுதி தொழில் வட்டாரமாகவும் உருப்பெற்றது. தொழிற்சாலைக் கொதிகலனுக்குரிய எரிவாயுவின் அழுத்தத்தையும் பாய்வையும் கணக்கிடும் முறை, பொறியியலோடு சட்டம், நில உயரம், நில உரிமை ஆகியவற்றையும் சார்ந்து நிற்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொதிகலன் சட்டம்

1863இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்பு பலரது உயிரைப் பறித்தது. அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் சட்டம் இயற்றப்பட்டது. மாகாணந்தோறும் வேறுபட்டிருந்த விதிகளை 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் ஒருமுகப்படுத்தியது. 1950இல் விரிவான ஒழுங்குமுறைகள் வந்தன. இவை முதன்மையாக நீராவியின் அழுத்தத்தையே கருதின. எரிபொருள் நிலக்கரியாகவோ விறகாகவோ இருந்தவரை, அதனை எடைபோட்டு அளந்தால் போதுமானதாக இருந்தது. எரிவாயு வந்தபோதுதான் எரிபொருளுக்கும் அழுத்தக் கணக்கு தேவையாயிற்று.

கணக்கும் நில உயரமும்

80 பாகை செல்சியசு வெப்பமுடைய நீரிலிருந்து 10 பார் அளவி அழுத்தத்தில் ஒரு டன் நீராவி பெற ஏறத்தாழ 2,450 மெகாசூல் வெப்பம் வேண்டும். கொதிகலனின் திறன் 85 விழுக்காடு எனின், தரநிலையில் கனமீட்டருக்கு 35.5 மெகாசூல் தரும் இயற்கை எரிவாயு ஏறத்தாழ 81 கனமீட்டர் தேவை. மணிக்கு 5 டன் நீராவி தரும் கொதிகலனுக்கு இது ஏறத்தாழ 405 கனமீட்டராகும்.

ஆயின் இது தரநிலைக் கன அளவே. குழாயினுள் செல்லும் கன அளவு, பாயில் 1662இல் வெளியிட்ட விதிப்படி, தனி அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். தனி அழுத்தம் என்பது அளவி காட்டும் அழுத்தத்துடன் வளியழுத்தமும் சேர்ந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஓசூரில் வளியழுத்தம் சுமார் 0.91 பார், கடற்கரையில் 1.01 பார். வெப்பநிலை மாறாதெனக் கொண்டால், 4 பார் அளவி அழுத்தமுள்ள குழாயில் இவ்வேறுபாடு 2 விழுக்காட்டளவே. எரிப்பானருகே அழுத்தம் 0.1 பாராகக் குறையும்போது அதே எரிவாயு கடற்கரையில் 369 கனமீட்டராகவும் ஓசூரில் 406 கனமீட்டராகவும் இருக்கும். எரிதலுக்குரிய காற்றும் அங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. எனவே சென்னைக்கு வகுத்த கணக்கை ஓசூருக்கு அப்படியே கொள்ளலாகாது.

குழாயும் நிலமும்

கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய்த் திட்டம் கோவை முதல் கிருட்டிணகிரி வரை தமிழகத்தின் ஏழு மாவட்டங்களைக் கடப்பதாக வகுக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின் உடைமை உழவரிடமே இருக்கும். ஆனால் குழாய்த்தடத்தில் கட்டடம் எழுப்பவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ இயலாது. கிணற்றையும் மரப்பயிரையும் நம்பிய உழவர்கள் இதனை எதிர்த்தனர். குழாயை நெடுஞ்சாலையோரம் அமைக்குமாறு 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஆணையிட்டது. அவ்வாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 2016 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

வேமத் 1912இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, பாய்வு குழாய் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும், விட்டத்தின் மூன்றில் எட்டு அடுக்கிற்கு, அதாவது 8/3 அடுக்கிற்கு, நேர்விகிதத்திலும் அமையும். தடம் 10 விழுக்காடு நீண்டால் பாய்வு 5 விழுக்காட்டளவே குறையும். விட்டத்தை 2 விழுக்காட்டளவு கூட்டினால் அக்குறை ஈடாகும்.

முடிவுரை

எனவே பாய்வுக் கணக்கு மட்டுமே வயல்வழித் தடத்தைக் கட்டாயமாக்குவதில்லை. செலவு, பாதுகாப்பு, சாலை விரிவாக்கம், சட்ட அதிகாரம் ஆகியனவே தடத்தைத் தீர்மானிக்கும் பிற கூறுகளாகும். அழுத்தக் கணக்கில் வளியழுத்தத்தைச் சேர்க்காவிடில் விடை பிழையாவதுபோல், வழித்தடக் கணக்கில் கிணற்றையும் மரத்தையும் சேர்க்காவிடில் தொழில்மயமாதலின் வரலாறும் குறையுடையதாகும்.